கத்து என்றால் பூனை

கார்மேகத்துக்கு எத்தனை பாஷை தெரியும் என்று கேட்டால் ஓமான் நாட்டுச் சோஹார் கேம்பில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். தமிழ் போக இந்தி, மலையாளம், அரபி, கொஞ்சம் பெங்காலி என்று அடுக்குவார்கள். அவரும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். உண்மையைச் சொன்னால் இதில் எந்தப் பாஷையிலும் அவரால் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேச முடியாது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் காது அபாரமான காது. எதிராளி வாயைத் திறந்ததுமே அவன் எதைக் கேட்கிறான், எதற்குத் திட்டுகிறான் என்று பிடித்துவிடுவார். வளைகுடாவில் கூலிவேலை பார்க்க அது போதும். பலருக்கு அதுவும் வாய்ப்பதில்லை.

கமுதிப் பக்கத்து ஆள். வீரம்மாளைக் கட்டிய மறுவருஷமே குவைத்துக்குப் போனார். ஒரு பெரிய வீட்டில் தோட்டவேலை. போன முதல் நாள், வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் நின்று கையை நீட்டி "கத்து, கத்து" என்று கூச்சல் போட்டாள். கார்மேகம் திகைத்துப் போனார். இந்த அம்மாளுக்கு இவ்வளவு சுத்தமான தமிழ் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. இருந்தாலும் சோறு போடுகிறவள் கத்தச் சொன்னால் கத்தத்தானே வேண்டும்? தொண்டை கிழியக் கத்தினார். அந்த அலறலில் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு வெள்ளைப் பூனை குதித்து மதிலேறி ஓடியது. அம்மாள் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குவைத்தில் பூனைக்குக் கத்து என்று பெயர். கார்மேகம் கற்ற முதல் அரபிச் சொல் அதுதான்.

பின்னாளில் ஓமானுக்கு வந்தார். சோஹார் கேம்புக்குப் புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையை அவர் சொல்லாமல் விடமாட்டார். கேட்டவர்களே மறுபடி கேட்டுச் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பவன் மணிமாறன்தான்.

மணிமாறன் மானாமதுரைக்காரன். முப்பதைத் தாண்டியவன். ஊரில் மனைவி சங்கீதாவும் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்பிள்ளையும் இருந்தார்கள். சோஹாருக்கு வந்த புதிதில் சூப்பர்வைசர் இந்தியில் சொன்னது புரியாமல் தவறான பைப்பை அறுத்துவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு அவனைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டவர் கார்மேகம். அதிலிருந்து இருவரும் ஒரே ரூம், ஒரே டூட்டி. யார் என்ன சொன்னாலும் மணிமாறன் சொன்னவன் முகத்தைப் பார்க்கமாட்டான், கார்மேகத்தின் முகத்தைத்தான் பார்ப்பான். அவர் தமிழில் சொல்லி முடிக்கும்போது இவன் வேலையில் பாதி முடிந்திருக்கும். கார்மேகண்ணே காதுக்குத் தப்பே வராது என்று ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் மனைவியிடம் சொல்வான். அது கார்மேகத்தின் காதில் விழும்படியாகவும் சொல்வான். அவருக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் ராட்சத கம்ப்ரஸர் ஒன்றை இறக்கி வைக்கும் வேலை வந்தது. மெஷின் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தது. அதை நிறுத்திக் கொடுக்க அங்கிருந்தே ஓர் ஆளும் வந்தான். பெயர் இக்னாசியோ. கூப்பிடுவது நாச்சோ. நம் ஆட்கள் நாச்சியப்பன் என்று மாற்றிவைத்துக்கொண்டார்கள். நல்ல மனுஷன். வெயிலில் கூடவே நிற்பான், தண்ணீர் பாட்டிலை முதலில் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பான். ஆனால் அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடிதான், நம் ஆட்களுக்குத் தெரிந்தது அதிலும் பாதி. அவசரம் வந்தால் அவன் வாயில் அவன் பாஷைதான் வரும். இப்படி ஓர் ஆளின் கீழே இப்படிப்பட்ட ஆட்களை நிறுத்துகிறோமே, நடுவில் மொழி தெரிந்த ஒருவனைப் போடுவோம் என்று கம்பெனியில் எவனுக்கும் தோன்றவில்லை. கார்மேகம் இருக்கிறாரே என்று விட்டுவிட்டார்கள். சேஃப்டி ஆபீசர் அன்பரசன், திருச்சிப் பையன், படித்தவன், அவனும் அதையேதான் சொன்னான்.

கார்மேகமும் ஏமாற்றவில்லை. முதல் வாரமே நாச்சோ ஒரு போல்ட்டைக் காட்டி "அஸெய்த்தே" என்றான். எல்லோரும் முழித்தார்கள். கார்மேகம் போய் எண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். அரபியில் எண்ணெய்க்கு ஸெய்த். டீ குடிக்கும்போது "அஸூக்கர்" என்றான். இவர் சர்க்கரையை எடுத்துக் கொடுத்தார். அரபியில் சுக்கர். நாச்சோ அவர் முதுகில் தட்டி என்னவோ பாராட்டினான். அவன் ஏற்கெனவே மற்ற வெள்ளைக்காரர்களைப் போல கிளம்பு என்பதற்கு யல்லா, முடிந்தது என்பதற்குக் கலாஸ் எல்லாம் பழகி வைத்திருந்தான். கார்மேகத்துக்கு விஷயம் முடிந்துவிட்டது.

"இவன் பேசுறது அரபியேதான்டா, கொஞ்சம் கெட்டுப்போன அரபி" என்று மணிமாறனிடம் சொன்னார்.

மணிமாறன் அதை அப்படியே நம்பினான். சொன்னவரும் நம்பினார், அதுதான் கேடு.

அந்த யார்டில் ஒரு செம்பட்டைப் பூனை இருந்தது. மரக்கட்டைகளை அடுக்கியிருந்த இடத்தில் குட்டி போட்டிருந்தது. கார்மேகம் மதியச் சாப்பாட்டில் மீன் தலையை ஒதுக்கி அதற்கு வைப்பார். கத்து, கத்து என்று கூப்பிட்டால் வரும். மெஷினைச் சுற்றி நிழல் விழ ஆரம்பித்த பிறகு அது சில நேரம் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வேலை தொடங்குமுன் விரட்டிவிடுவார்கள்.

சம்பவம் நடந்த அன்று மெஷினை நாலு மூலையிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். அடியில் கொடுத்திருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே ஜாக்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவேண்டும். கீழே காங்கிரீட்டில் நட்டு நிற்கும் போல்ட்டுகளில் அது சரியாக உட்காரவேண்டும். தூக்கி நிற்கிற பாரத்தின் அடியில் ஒருவனும் தலையைக் கொடுக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதி. தினம் காலையில் அன்பரசன் வரிசையில் நிற்கவைத்துச் சொல்வதுதான்.

கார்மேகமும் மணிமாறனும் ஒரு பக்கம் நின்றார்கள். பாலகுரு என்ற இன்னொருவன் அவர்களுக்குப் பின்னால் கட்டை சுமந்துகொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்தில் நாச்சோ குத்துக்காலிட்டு, டார்ச் அடித்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரத்து மூலையில் இருந்த ஜாக்கி இவர்கள் நின்ற இடத்திலிருந்து தெரியாது. அதன் அடித்தகடு எண்ணெயில் வழுக்கி மெல்லச் சாய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தவன் நாச்சோ ஒருவன்தான்.

அவன் எழுந்து கையை நீட்டி மெஷினின் அடியைக் காட்டி அலறினான். "எல் காத்தோ! எல் காத்தோ!"

பாலகுருவின் காதில் அது காத்து என்று விழுந்தது. பெருங்காற்று வருகிறதாக்கும் என்று கட்டையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தான். ஒன்றும் தெரியாதவன் காதில் விழுந்தது அது. அதனால் அவன் இன்றைக்கும் இருக்கிறான். கார்மேகத்துக்குத்தான் தெரியுமே. மணிமாறன் வழக்கம்போல அவர் முகத்தைத்தான் பார்த்தான்.

"அடியில பூனை கெடக்காம். வெரட்டி விடுறா" என்றார்.

மணிமாறன் குனிந்தான். ஒரு கையை ஊன்றி, தலையையும் தோளையும் உள்ளே கொடுத்து, ச்சூ, ச்சூ என்றான். எதிர்ப்பக்கத்தில் நாச்சோ இரண்டு கையையும் விரித்து வேண்டாம் வேண்டாம் என்று கதறியதைக் கார்மேகம் பார்த்தார். பூனைக்கா இந்த ஆள் இப்படிக் கதறுகிறான் என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் ஜாக்கி தெறித்து மெஷின் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது.

அதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனமில்லை. கிரேன் கொண்டுவந்து மெஷினைத் தூக்கிய பிறகும் அவனுக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. கார்மேகத்தைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். மரக்கட்டை அடுக்கைத் தாண்டும்போது அவர் பார்த்தார். செம்பட்டைப் பூனை குட்டிகளோடு கட்டைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அது அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை.

போலீஸ் வந்தது. நாச்சோவின் பாஸ்போர்ட்டை வாங்கிவைத்துக்கொண்டார்கள். கார்மேகத்தை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெள்ளைக்கார சாப் என்ன சொன்னார் என்று கேட்டார் அதிகாரி. கத்து என்று சொன்னார் என்றார் இவர். ஓமானில் பூனைக்குச் சன்னூர் என்று வேறு சொல் உண்டு, ஆனாலும் கத்து என்றால் எவருக்கும் புரியும். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். கார்மேகம் மணிமாறனிடம் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்போது அதை மறைக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. வெள்ளைக்காரன் பூனை என்றான், இவரும் பூனை என்றார், அதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருந்தது. இல்லாத பூனையை அவன் ஏன் இருக்கிறது என்றான்? அதை நினைக்க நினைக்க அவருக்கு ஆத்திரம் பொங்கியது. ரூமில் மணிமாறனின் கட்டில் காலியாகக் கிடந்தது. கொடியில் அவன் துவைத்துப் போட்ட லுங்கி அப்படியே தொங்கியது, எடுத்து மடிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அந்த வெள்ளைக்காரன் மட்டும் கையில் கிடைத்தால் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது.

அவனே தேடிக்கொண்டு வந்தான். ஒருநாள் சாயங்காலம் ரூம் வாசலில் நின்றான். ஆள் பாதியாகிப் போயிருந்தான். உள்ளே வந்து மணிமாறனின் கட்டிலில் உட்காரப் போனவன், என்ன தோன்றியதோ, தரையில் உட்கார்ந்தான். போனை எடுத்து அதில் தன் பாஷையில் பேசினான். போன் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னது, வானொலியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில்.

"அவர் ஏன் உள்ளே சென்றார்?"

கார்மேகம் போனின் பக்கம் குனிந்து, நீதானே பூனை என்றாய் என்று உரக்கச் சொன்னார். போன் அதை அவன் பாஷையில் சொன்னது. அதற்குள்ளும் அந்தச் சொல் இருந்தது, காத்தோ. நாச்சோ வேகமாகத் தலையாட்டினான். ஆமாம், ஆமாம், காத்தோ என்றான். போன் சொன்னது: "ஆம், பூனை. நான் பூனை என்று எச்சரித்தேன்."

அப்புறம் ஏன்டா என்னைக் கேட்கிறாய் என்றார் இவர். பூனை என்று கத்தினேனே, பிறகும் ஏன் போனான் என்று கேட்டான் அவன். போன் இருவருக்கும் நடுவில் கிடந்து பூனை, பூனை என்று மாற்றி மாற்றிச் சொன்னது. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள், இருவரும் ஆமாம் என்றார்கள். பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

கடைசியில் நாச்சோ போனைக் கீழே வைத்தான். வலது கையை நீட்டி, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்து, மேலும் கீழும் அடித்தான். மேலே, கீழே. மேலே, கீழே. இடது உள்ளங்கை மெல்ல மெல்ல மேலே ஏறியது. பிறகு அந்தக் கை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"காத்தோ" என்றான்.

ஜாக்கி. கார்மேகத்துக்குப் புரிந்துவிட்டது. அவர் காதுக்கு எதுவும் புரிந்துவிடும், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நாச்சோவோ இன்னும் புரியாமல் போனில் விளக்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் பூனைக்கும் அதுதான் பெயர், பாரம் தூக்குகிற அந்தச் சாமானுக்கும் அதுதான் பெயர். அடியில் பதுங்கிக் கிடந்து முதுகை வளைத்துக்கொண்டு எழும்புகிறதல்லவா, அதனால் இருக்கலாம். மத்ரித் நகரத்தில் பிறந்தவனைக்கூடப் பூனை என்பார்கள், அது பெருமை. மெக்சிகோவில் வேலை பார்த்திருக்கிறேன், அங்கே வீட்டு வேலைக்காரனைப் பூனை என்று ஏளனமாகச் சொல்வார்கள், அது கேவலம். எங்கோ ஓரிடத்தில் திருடனையும் சொல்வார்கள். செய்தி வாசிக்கிற குரல் ஒவ்வொன்றையும் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லி முடித்தது. கார்மேகம் மடியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மணிமாறனை உள்ளே போகச் சொன்னது தான்தான் என்று அவனிடம் சொல்லிவிட வாய்வரை வந்தது, ஆனால் சொல்லவில்லை. நாச்சோ அழுதான். தன்மேல் பழி வந்ததற்கு அவன் அழவில்லை, செத்தவனுக்காகத்தான் அழுதான். கார்மேகத்தால் அவனைத் தொட்டு ஆறுதல் சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் கேம்ப் வாசலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மது பாயிடம் போய் உட்கார்ந்தார். பாய் காயல்பட்டினத்துக்காரர். அரபி எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஸ்பெயின்காரன் பாஷை அரபியா இல்லையா, அதைச் சொல்லுங்கள் பாய் என்றார் கார்மேகம்.

இல்லை என்றார் பாய். அரபிகள் அந்த நாட்டைப் பல நூறு வருஷம் ஆண்டார்கள், அதனால் எண்ணெய், சர்க்கரை, பஞ்சு என்று எத்தனையோ சொல்லை அங்கே விட்டுவிட்டு வந்தார்கள், பாஷை வேறுதான் என்றார். பூனையும் அப்படி விட்டுவந்ததா என்று இவர் கேட்டார். பாய் போனில் கொஞ்ச நேரம் தேடினார். இல்லை, அவர்களுக்கு அது பழைய ரோமாபுரிக்காரன் சொல் என்றார். ரோமாபுரிக்கு எங்கிருந்து வந்தது என்பதில் படித்தவர்களுக்கே சண்டை, ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்கிறார்கள் என்றார். கப்பலில் எலி பிடிக்க ஏற்றிய பூனை எந்தக் கரையில் இறங்கியதோ அந்தக் கரையில் பெயரும் இறங்கியிருக்கும் என்று தன் யோசனையையும் சேர்த்துச் சொன்னார். ஜாக்கி என்பதும் இங்கிலீஷ்காரன் எடுபிடி ஆளைக் கூப்பிட்ட பெயர்தானாம், இதில் போட்டிருக்கிறான் என்று போனைக் காட்டினார்.

எல்லா ஊர்க்காரனும் பாரத்துக்கு அடியில் கிடக்கிறவனுக்கு வேலைக்காரன் பெயரைத்தான் வைத்திருக்கிறான் என்று கார்மேகத்துக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லிக் கசந்துகொள்ளக்கூட இப்போது தனக்குத் தகுதியில்லை என்று பேசாமல் எழுந்து வந்தார்.

நேராக அன்பரசனிடம் போனார். நடந்ததைச் சொன்னார். சார், நான்தான் பூனையென்று மணிமாறனிடம் சொன்னேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அன்பரசன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, பூனைன்னே இருக்கட்டும்ணே" என்றான். "அவனா பூனையைப் பாத்தான், அவனா உள்ள போனான். இப்படி விட்டா எல்லாருக்கும் நல்லது."

கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. அவன் சொன்னதில் கணக்கு இருந்தது. தானாகப் போனான் என்றால் கம்பெனிக்குப் பிரச்சினை இல்லை. நாச்சோ கத்தியது ஜாக்கி சாய்கிறது என்றுதான் என்பதே அவனைக் காப்பாற்றும். கார்மேகத்தின்மேல் ஒரு கேஸும் வராது. ஊரில் மணிமாறன் மனைவியிடம் வாயில்லா ஜீவனைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டான் என்று சொல்லியாயிற்று, அவளும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதையும் பிடுங்குவானேன்? செத்தவன் ஒருவன்தான் முட்டாளாகிறான். அவனுக்கு இனி என்ன?

கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். மணிமாறனை அவருக்குத் தெரியும். விதியை மீறுகிறவன் அல்ல. தலைக்கவசத்தின் வாரைக்கூட மாட்டாமல் டூட்டிக்கு வரமாட்டான். அந்த விதியைவிட அவன் பெரிதாக மதித்தது ஒன்றே ஒன்றைத்தான். அது என்னவென்று கார்மேகத்துக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டார். பயம். வெறும் பயம். ஊருக்கே அர்த்தம் சொன்ன மனுஷனுக்குத் தன் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

உடல் ஊருக்குப் போனது. நாச்சோவுக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது, அவனும் போனான். யார்டில் வேறு ஓர் ஆள் வந்து மெஷினை உட்காரவைத்தான். கார்மேகம் மீன் தலை வைப்பதை நிறுத்தினார். பூனை அவர் காலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பிறகு பாலகுருவிடம் போய்விட்டது. சங்கீதா அனுப்பிய வாய்ஸ் மெசேஜுகளை அவர் கேட்கவே இல்லை. அவள் அழைத்தால் டூட்டியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்.

கருமாதி முடிந்த மறு வெள்ளிக்கிழமை, மதியம் சாப்பிட்டுவிட்டு ரூமில் தனியாக இருந்தபோது போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்துவிட்டார்.

அவள் முதலில் அவர் உடம்பை விசாரித்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.  பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளு தாயி."

"வாயில்லாச் சீவனுக்காக உசுர விட்டாருன்னு மொதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்ப கருமாதிக்கு வந்த சனமெல்லாம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்குதுண்ணே. எங்க மாமனாரே சொல்றாரு, பொண்டாட்டி புள்ளைய நெனைக்காமப் பூனைய நெனச்ச பயன்னு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவருக்கு அந்நேரம் எங்க நெனப்பே வரலையாண்ணே? ஒரு பூனை அம்புட்டுப் பெருசாப் போச்சா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், அழுவாள் என்றுதான் பயந்திருந்தார். அன்பரசன் போட்ட கணக்கில் இது இல்லை. செத்தவனுக்கு இனி என்ன என்று விட்டது இவள் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. அவள் ஆயுசு முழுக்க இந்தப் பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடப்பாள்.

"பூனையே இல்ல தாயி" என்றார்.

 அவர் சொன்னார். ஜாக்கி சாய்ந்ததை, வெள்ளைக்காரன் ஜாக்கி என்று கத்தியதை, அவன் பாஷையில் அதற்கும் பூனைக்கும் ஒரே பெயர் என்பதை, குவைத்தில் கற்ற சொல் காதில் விழுந்ததை எல்லாம் சொன்னார். ஒளிக்கவில்லை. தன்மேல் இரக்கம் வருகிற மாதிரி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"அவன் பூனைய நெனச்சுப் போகல. தானாவும் போகல. நான் போடான்னேன், போனான். நாளைக்கு ஸ்டேஷன்லயும் போயிச் சொல்லிருவேன். உங்க மாமனார்கிட்டச் சொல்லு, அவன் மேல ஒரு தப்பும் கெடையாது."

அந்தப் பக்கம் பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டது. பிள்ளை எதையோ சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது.  

"நீங்க சொன்னா அவரு எதையும் கேப்பாருண்ணே" என்றாள் சங்கீதா. "கார்மேகண்ணே காதுக்குத் தப்பே வராதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் போனைத் துண்டிக்காமலே எங்கோ வைத்துவிட்டு நடந்து போனது கேட்டது. கொஞ்ச தூரத்தில் அவள் மாமியாரிடம் பேசுகிற குரல் வந்தது. மெதுவாகத்தான் பேசினாள். ஆனாலும் அந்தக் காதுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. பூனை இல்லையாம் அத்தே, அந்தண்ணே போகச் சொன்னாராம், இவரு போனாராம் என்றாள். பாத்திரம் விளக்குகிற சத்தம் நின்றது. பிறகு மணிமாறனைப் பெற்றவள் கத்தினாள்.

கார்மேகம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.